மூணும் ஒண்ணும்

இது நடந்தது. நடுராத்திரியில் நடந்தது என்று சொன்னால் சுலபமாக நம்பிவிடுவீர்கள். ஆனால் நடந்தது பட்டப்பகலில், மதியம் இரண்டு மணிக்கு மேல், ஷட்டர் முழுக்கத் திறந்திருந்த கடையில். வெளியே நல்ல வெயில். எதிரே மீன் ஏலக் கூடம். சிப்பி உரிக்கும் பெண்களின் பேச்சும் சிரிப்பும் கேட்டுக்கொண்டே இருந்தன. எனக்குக் குடிப்பழக்கம் இல்லை. நேரம் சொல்லும் இடத்தில் எல்லாம் கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

என் பெயர் கின். துங்ஷி துறைமுகச் சாலையில் பதினெட்டு வருடமாக வண்டிகளுக்கு ஸ்பீக்கர் மாட்டுகிறேன். கல்லாவில் உட்காருவது என் மனைவி ருய்பென்.

எங்கள் சந்திர நாள்காட்டியின் ஏழாம் மாதம் பிறந்தால் ருய்பென் வேறு ஆளாகிவிடுவாள். மறு உலகத்தின் கதவு திறந்திருக்கும் மாதம் அது. கடைவாசலில் மேஜை போட்டுப் பழம், பிஸ்கட், ஊதுபத்தி வைப்பாள். பக்கத்தில் ஒரு பேசின் நிறையத் தண்ணீர், ஒரு புதுத் துண்டு. வருகிறவர்கள் முகம் கழுவிக்கொள்வதற்கு. அவர்களைப் பேய் என்று சொல்லிவிடக் கூடாது. ‘நல்ல அண்ணன்தம்பிங்க’ என்றுதான் சொல்ல வேண்டும். விசில் அடிக்கக் கூடாது. பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் திரும்பக் கூடாது. நாலு என்ற எண்ணை வாயால் சொல்லவே கூடாது. எங்கள் பேச்சில் அந்தச் சொல்லும் சாவும் ஏறக்குறைய ஒரே ஒலி. மற்ற கடைகளில் முகம் சுளித்துக்கொண்டு சொல்லிவிடுவார்கள். எங்கள் கடையில் அந்த மாதம் முழுவதும் நாலு கிடையாது. மூணும் ஒண்ணும்தான்.

போன வருடம் ஏழாம் மாதம் மூன்றாம் தேதி யூசியாங் தன் வேனை எடுத்துக்கொண்டு வந்தான். இருபத்தாறு வயது. அம்மாவோடு சிப்பித் தெப்பங்களில் வேலை. அடிச்சத்தம் இடிக்கும் பெரிய சப்வூஃபர் ஒன்றும் ஆம்ப்ளிஃபயர் ஒன்றும் வாங்கி வந்திருந்தான். சப்வூஃபர் இரட்டைக் காயில் வகை. ஒரே கூம்புதான். அதன் பின்னால் இரண்டு காயில்கள், கம்பிச்சுருள்கள், ஒவ்வொன்றின் மின்தடையும் இரண்டு ஓம். இரண்டும் சேர்ந்து கூம்பைத் தள்ளும், சேர்ந்து இழுக்கும். இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்தால் ஆம்ப்ளிஃபயருக்கு அது நாலு ஓம். பக்கம் பக்கமாகச் சேர்த்தால் ஒரு ஓம். ஓம் குறையக் குறைய ஆம்ப்ளிஃபயர் பேட்டரியை உறிஞ்சும். எந்த ஆம்ப்ளிஃபயர் எத்தனை ஓமுக்கு என்பது அதன் அட்டையில் இருக்கும். அட்டை கல்லாவில் இருந்தது.

நான் வேனுக்குள் மல்லாந்து படுத்திருந்தேன். கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது.

“எத்தனை ஓம்?” என்று கத்தினேன்.

ருய்பென் அட்டையைப் பார்த்துப் பதிலுக்குக் கத்தினாள். வேன் கதவருகே நின்றிருந்த யூசியாங் விழுந்து விழுந்து சிரித்தான்.

“ஏன் அண்ணி, நேராச் சொன்னா நாக்கு சுட்டுடுமா?”

“உனக்கென்ன, இளரத்தம். பேசுவ. மாசம் முடியட்டும், மூச்சு முட்டுற வரைக்கும் சொல்றேன்.”

“அண்ணி கடையில கணக்குப் படிச்சா உருப்பட்டாப்லதான்!”

கோர்த்தேன். சப்வூஃபரை அதன் மரப்பெட்டிக்குள் வைத்து மூடினேன். பாட்டைப் போட்டுக் காட்டினேன். வாசலில் இருந்த பேசின் தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கியது. அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

எட்டு நாள் கழித்து, இருட்டிய பிறகு, கடல் அணைச் சாலையின் திருப்பத்தில் அவன் வேன் வாய்க்காலில் விழுந்தது. வண்டியின் மூக்கு தண்ணீருக்குள், பின்பக்கம் கரையில். தூங்கிவிட்டான் என்று போலீஸ் எழுதியது. சாவு வீட்டில் ஒருவர் மட்டும் வேறு மாதிரி சொன்னார். அவர் அப்போது தெப்பத்தில் இருந்தவர்.

“லைட்டு மங்கிக்கிட்டே வந்துச்சுப்பா. பாட்டு அதிர அதிர மங்குச்சு. திருப்பத்துல மொத்தமாப் போயிடுச்சு.”

என் கையிலிருந்த தேநீரை நான் குடிக்கவில்லை.

அவன் ஆம்ப்ளிஃபயர் நாலு ஓமுக்கானது. அட்டையை அன்றிரவு கல்லாவில் தேடி எடுத்துப் பார்த்தேன். நான் எதற்குக் கோர்த்தேன்? நாலுக்கா, ஒன்றுக்கா? அன்று மூன்று வண்டிகள் முடித்திருந்தேன். கை செய்த வேலை மனதில் இல்லை. பெட்டியைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். பெட்டி வேனோடு பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது. ருய்பென்னிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் தன் வாயைத்தான் குற்றம் சொல்லிக்கொள்வாள். ஒரு வருடம் இதை வைத்துக்கொண்டு தூங்கினேன். தூங்கினேன் என்பது பேச்சுக்கு.

இந்த வருடம், ஏழாம் மாதம் ஒன்பதாம் தேதி, மதியம் 2:10. யூசியாங்கின் அம்மா பாவ்சூ தன் சின்ன லாரியைக் கடைமுன் நிறுத்தினார். பின்னால், சிப்பிக் கூடைகளுக்கு நடுவே, அந்தப் பெட்டி.

“கின் தம்பி, இதை என் வண்டில மாட்டிக் குடு.”

“இது... எங்கேருந்துக்கா?”

“இரும்புக் கடைக்காரன் எடுத்து வச்சிருந்தான். அவன் பொண்டாட்டி, தூக்கிட்டுப் போ தூக்கிட்டுப் போன்னு உசிரை வாங்கிட்டா. உள்ள எலி இருக்காம். தட்டுதாம்.” சிரித்தார். “எலியோ பெருச்சாளியோ, எம்புள்ள ஆசைப்பட்டு வாங்குனது. சிப்பி ஏத்திக்கிட்டுத் தனியாப் போறேன். சத்தமாவது கூட வரட்டும்.”

ருய்பென் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பாவ்சூ அக்கா என்னைப் பார்த்தார்.

“அவன் ஓட்டும்போது தூங்குறவன் இல்ல தம்பி. எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. என்ன ஆச்சுன்னு தெரிஞ்சா போதும் எனக்கு. வேறென்ன வேணும் இனிமே?”

“தெரியும்கா. அவன் தூங்குறவன் இல்ல.”

“அஞ்சு மணிக்கு வர்றேன்.”

வண்டியை விட்டுவிட்டு ஏலக் கூடத்துக்கு நடந்தார். 2:20க்கு ருய்பென் பழம் வாங்கச் சந்தைக்குக் கிளம்பினாள். கடையில் நான் மட்டும்.

2:35. பெட்டியைத் தூக்கி வேலைப் பெஞ்சின் மேல் வைத்தேன். எதிலும் இணைக்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆம்ப்ளிஃபயர் இல்லை, பேட்டரி இல்லை, ஒரு வயர்கூட இல்லை. வெறும் பெட்டி. கூம்பின் நடுவில் சிப்பி ஓட்டுத் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. நகத்தளவு.

பெட்டியைத் திறக்காமலே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். வெளியே இருக்கும் இரண்டு முனைகளில் மீட்டரின் ஊசிகளை வைத்தால் போதும். நாலு ஓமாக இருந்தால் மூன்றரைக்கு மேல் காட்டும். ஒன்றாக இருந்தால் ஒன்றுக்குச் சற்றுக் கீழே.

வைத்தேன்.

0.9.

எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். 0.9.

ஆக, நான்தான்.

எவ்வளவு நேரம் அப்படியே நின்றேன் என்று தெரியாது. ஊசிகளை எடுக்கவில்லை. மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் அடுத்ததைப் பார்த்தேன்.

எண் குதித்தது.

மறுபடி குதித்தது. மறுபடியும். பிறகு நின்றது. 0.9. பிறகு இன்னொரு குதி.

இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். மீட்டர் வைத்திருக்கும்போது யாராவது கூம்பைக் கையால் அழுத்தினால் எண் அப்படிக் குதிக்கும். காயில் காந்தத்துக்குள் அசைவதால் வருவது. அழுத்தாவிட்டால் குதிக்காது.

கூம்பைப் பார்த்தேன்.

சிப்பித் துணுக்கு நடுங்கிக்கொண்டிருந்தது.

லாரி ஏதாவது போயிருக்கும் என்று சாலையைப் பார்த்தேன். சாலை காலி. படகு எஞ்சினாக இருக்கும் என்று துறைமுகத்தைப் பார்த்தேன். ஏழாம் மாதம், ஒன்பதாம் தேதி. இந்த மாதம் கடலில் இறங்கப் பலருக்குப் பயம், பாதிப் படகுகள் கட்டிக் கிடந்தன. எந்த எஞ்சினும் ஓடவில்லை. வாசல் பேசினில் தண்ணீர்... வட்டம் வட்டமாக.

போன வருடம் பார்த்த அதே வட்டம்.

2:52. பெட்டியைத் திறக்கத் தொடங்கினேன். ஏன் வெளியே ஓடவில்லை என்று கேட்பீர்கள். பயம் இருந்தது. ஆனால் அஞ்சு மணிக்கு அந்தம்மா வருவார். அதற்குள் வயரை மாற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது. அந்த நேரத்தில் எனக்கு இருந்த நினைப்பு அது ஒன்றுதான். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

எட்டுத் திருகுகள். ஏழு துருப்பிடித்து இறுகியிருந்தன. எட்டாவது விரலுக்கே கழன்று வந்தது.

சப்வூஃபரை வெளியே தூக்கினேன். கீழே இருக்கும் காந்தத்தில் என் கை பட்டது.

சூடாக இருந்தது.

ஒரு மணி நேரம் சத்தமாகப் பாடிய ஸ்பீக்கரின் காந்தம் அப்படி இருக்கும். இது ஒரு வருடமாகப் பாடவில்லை.

உள்ளே என் வயர். என் முடிச்சு. பக்கம் பக்கமாக. ஒரு ஓம்.

கட்டரை எடுத்தேன்.

அப்போது கம்ப்ரசர் தானாக ஓடத் தொடங்கியது. அதில் ஒன்றுமில்லை, காற்று குறைந்தால் அது தானாக ஓடும். கடை முழுக்க அந்த இரைச்சல். இரைச்சலுக்கு நடுவே...

பின்னால், கல்லாவிலிருந்து, யாரோ கத்தினார்கள்.

ஆணா பெண்ணா தெரியவில்லை. முன்பாதி கேட்கவில்லை. கடைசிச் சொல் மட்டும் காதில் விழுந்தது.

“...ஒண்ணு.”

திரும்பவில்லை.

கழுத்து திரும்பப் பார்த்தது. நான் விடவில்லை.

3:07.

வெட்டினேன்.

புது வயர் எடுத்தேன். ஒன்றன்பின் ஒன்றாக.

கை நடுங்கியது.

திருகினேன். மூடினேன்.

கம்ப்ரசர் நின்றது.

வெட்டிய பழைய வயரைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். குப்பையில் போட்டால் ருய்பென் கண்ணில் படும். மீட்டரை வைத்துப் பார்த்தேன். 3.6. நாலு ஓம். எண் குதிக்கவில்லை. அதற்குப் பிறகுதான் திரும்பினேன். கல்லாவில் யாரும் இல்லை.

3:40க்கு ருய்பென் வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“யாருங்க முகம் கழுவினது?”

“யாருமில்ல.”

“துண்டு ஈரமா இருக்கு. பிழிஞ்சு, மடிச்சுப் போட்டிருக்கு.” என் முகத்தைப் பார்த்தாள். “நீங்களா?”

“ஆமா,” என்று பொய் சொன்னேன். நான் எதையும் மடித்து வைக்கிறவன் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

அஞ்சு மணிக்குப் பாவ்சூ அக்கா வந்தார். அதற்குள் லாரியில் எல்லாவற்றையும் மாட்டி முடித்திருந்தேன். கதவில் இரண்டு சின்ன ஸ்பீக்கர்கள், சீட்டுக்குப் பின்னால் பெட்டி, எங்கள் கடையிலிருந்த புது ஆம்ப்ளிஃபயர். பாட்டைப் போட்டேன். பெட்டி இடித்தது. நெஞ்சுக்குள் வந்து இடிக்கும் சத்தம். என் காதால் கேட்டேன், ருய்பென்னும் கேட்டாள். பேசின் தண்ணீர் நடுங்கியது. பாவ்சூ அக்கா பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“இதேதான்,” என்றார். “வீட்டுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி இந்தச் சத்தம்தான் வரும். அப்புறம்தான் அவன் வருவான்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: “என்ன கோளாறு இருந்துச்சு தம்பி?”

“ஒண்ணுமில்லக்கா,” என்றேன்.

அதன் பிறகு அந்த மாதம் முழுவதும் எங்கள் கடையில் எதுவும் நடக்கவில்லை. தினமும் விடியற்காலையில் அவர் லாரி கடையைத் தாண்டி அணைச் சாலைக்குப் போகும். மாடியில் படுத்திருக்கும் எனக்கு அந்த இடி கேட்கும். ஜன்னல் கண்ணாடி லேசாக அதிரும். நல்ல வேலை செய்துவிட்டோம் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். பழைய வயர் சட்டைப் பையிலிருந்து மேஜை இழுப்பறைக்குப் போனது. அங்கேயே கிடந்தது.

ஏழாம் மாதக் கடைசி நாள் கதவு மூடும் பூஜை. ருய்பென் வாசல் மேஜையை எடுத்து வைத்தாள். பேசினைக் கவிழ்த்தாள்.

மறுநாள், எட்டாம் மாதம் முதல் தேதி, காலை 9:25. பாவ்சூ அக்காவின் லாரி வந்து நின்றது.

“நின்னுபோச்சு தம்பி. பாட்டு வருது. அடியில இடிக்குமே, அது இல்ல. நேத்து சாயந்திரம் வரைக்கும் நல்லா இருந்துச்சு. இன்னிக்குக் கிளம்புறப்ப பாக்குறேன், செத்த மாதிரி கிடக்கு.”

“பாத்துடலாம்கா.”

ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தேன். சரியாக இருந்தது. ஃபியூஸ் சரி. பெட்டியின் முனைகளில் மீட்டர் வைத்தேன். 3.6. சரி. பாட்டைப் போட்டு முழுச் சத்தம் வைத்தேன். கூம்பு அசையவே இல்லை. விரலை வைத்துப் பார்த்தேன். உள்ளே ஏதோ முக்கிக்கொண்டிருப்பதுபோல ஒரு இறுக்கம். அசைவு மட்டும் இல்லை.

பெட்டியைப் பெஞ்சுக்குக் கொண்டுவந்து திறந்தேன். பாவ்சூ அக்கா பக்கத்திலேயே நின்றார். ருய்பென் கல்லாவில் பில் சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. இரண்டாவது காயிலின் பிளஸ்ஸும் மைனஸும் இடம் மாறியிருந்தன. வேறு யாரும் தொடவில்லை. அன்று, 3:07க்கு, என் நடுங்கிய கை செய்த வேலை. இப்படிக் கோர்த்தால் மீட்டருக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் ஒரு காயில் கூம்பைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். இரண்டுக்கும் ஒரே பலம். கூம்பு நின்ற இடத்திலேயே நிற்கும்.

நேற்று நின்றுபோனது இல்லை இது.

ஒன்பதாம் தேதி மாலை அஞ்சு மணியிலிருந்தே இந்தப் பெட்டியில் சத்தம் வந்திருக்க வழியே இல்லை.

நான் கேட்டேன். ருய்பென் கேட்டாள். மாதம் முழுக்க என் ஜன்னல் அதிர்ந்தது.

“என்ன தம்பி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?” என்றார் பாவ்சூ அக்கா. மாதம் முடிந்துவிட்டதால் அந்த வார்த்தையைச் சொல்லலாம்.

“ஒரு வயர்... மாறியிருக்குக்கா. மாத்திட்டா வந்துடும்.”

“வரட்டும். ஆனா பாட்டோட வர்ற இடியைச் சொல்லல நான். பாட்டை நிறுத்துன பிறகும் வருமே, அது வருமா?”

கல்லாவில் சீட்டுச் சத்தம் நின்றது.

“பாட்டு இல்லாமலா?” என்றாள் ருய்பென். “எப்படிக்கா வரும்?”

“தட்டும். அணைச் சாலை திருப்பத்துல, அவன் விழுந்த இடத்துல, தினமும். மொதல்ல சிப்பிக் கூடை ஆடுதுன்னு நினைச்சேன். அப்புறம் வண்டிய ஓரங்கட்டிட்டு உக்காந்து எண்ணுனேன்.”

விரலை மடக்கிப் பெஞ்சின் மேல் தட்டிக் காட்டினார்.

டொம். டொம். டொம்.

கையைத் தூக்கியபடி சற்று நிறுத்தினார்.

டொம்.

“ஒரு நாள்கூட மாறல. மூணு, நிறுத்தி ஒண்ணு. மூணு, நிறுத்தி ஒண்ணு. ஏன் தம்பி, எம்புள்ளைக்கு நாலுன்னு சேத்து எண்ணத் தெரியாதா என்ன?” சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. “யாருகிட்டயோ எதையோ சொல்லிக்கிட்டே இருக்கான். எனக்குத்தான் விளங்கல.”

ருய்பென் கல்லாவிலிருந்து எழுந்து வந்தாள். பாவ்சூ அக்காவைப் பார்க்கவில்லை. திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தாள். அதற்குள் இருந்த புது வயரைப் பார்த்தாள். ஒரு வருடம் பழசான பெட்டிக்குள் புது வயர். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

“ஏங்க,” என்றாள் மெதுவாக. “அன்னிக்கு நீங்க வேனுக்குள்ள இருந்தீங்க. எத்தனை ஓம்னு கேட்டீங்க. நான் சொன்னேன்.”

கையிலிருந்த மீட்டரைப் பெஞ்சில் வைத்தேன்.

“நான் சொன்னது உங்க காதுல எப்படி விழுந்துச்சு?”

கம்ப்ரசர் ஓடவில்லை. எதிரே ஏலக் கூடத்திலும் சத்தம் இல்லை. பாவ்சூ அக்காவின் விரல் இன்னும் பெஞ்சின் மேலேயே இருந்தது. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒண்ணு,” என்றேன்.